ஏழு கேடிகள்

கும்பகோணம்
12.8.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்குத் தம்பி திருஞானசம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அனுவும் மாப்பிள்ளையும் பேரப்பிள்ளைகளும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா? நீங்கள் ரத்த அழுத்த மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறீர்களா?

போன வாரம் போன் செய்தபோது நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூட உங்கள் காதில் விழவில்லை. இஞ்சின் சத்தத்திலேயே காலம் கழித்த காது, அதைக் குறை சொல்லி என்ன? அதனால்தான் எழுதுகிறேன்.

சென்னையில் ரயில் ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. பிரியதர்ஷினி என்று ஒரு பெண், கல்லூரியில் வரலாறு நடத்துபவர், அந்தச் சங்கத்துக்காகப் பழைய நீராவி இஞ்சின்களைப் பற்றிப் புத்தகங்கள் கொண்டுவருகிறார். நம் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையில் ஓடிய கே.டி. வகையைப் பற்றி என்னை எழுதச் சொல்கிறார். மொத்தமே ஏழு இஞ்சின். 1952இல் வந்து 1977இல் போய்விட்டவை. வேறெங்கும் அந்த வகை ஓடவில்லை என்பதால் அவருக்கு ஆவல் அதிகம்.

பணிமனையில் இருந்தபோது நான் நகலெடுத்து வைத்த வரைபடங்களும், பழுதுபார்த்த தேதிகளும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் எந்த இஞ்சின் எந்த வண்டியை இழுத்தது, எதன் குணம் எப்படி என்பதெல்லாம் அந்தக் காகிதங்களில் இல்லை. அதெல்லாம் உங்களுக்குத்தான் தெரியும். நினைவிருக்கும் வரை எழுதி அனுப்புங்கள்.

அண்ணிக்கு என் வணக்கம்.

தம்பி
சம்பந்தம்


பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்
21.8.2024

அன்புத் தம்பி சம்பந்தத்துக்கு அண்ணன் ராமலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. உன் அண்ணி செல்லியம்மாள் நொண்டிக்கொண்டே நடக்கிறாள், ஆனால் நடக்கிறாள். எனக்குக் காது தவிர மற்றதெல்லாம் சரி. எதிர்வீட்டில் நாலு தறி ஓடுகிறது, எனக்கு ஒன்றும் கேட்பதில்லை. அதுவும் ஒரு நிம்மதிதான்.

நீ கே.டி. என்று புள்ளி வைத்து எழுதியிருக்கிறாய். ஷெட்டில் ஒருவனும் அப்படிச் சொன்னதில்லை. கேடி என்போம். போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ மாட்டி வைப்பார்களே, அந்தக் கேடி. இதை முதல் பக்கத்திலேயே எழுது.

ஒன்றாம் நம்பர் கரியை மட்டும் தின்னும், வேலை செய்யாது. இரண்டும் மூன்றும் வாலாஜாபாத்தில் அரிசி மூட்டை ஏற்றிய கூட்ஸ் வண்டிக்கு. ஐந்தையும் ஏழையும் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, வந்தன, ஓடின. ஆறைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு ஐப்பசியில் தென்னேரி ஏரி நிரம்பிக் கலங்கல் வழியே வெள்ளம் வெளியே பாய்ந்து, வாலாஜாபாத்துக்கு இந்தப் பக்கம் தண்டவாளமே தெரியவில்லை. டிரைவர் பூவராகவன், அப்போது கரி போடும் ஃபயர்மேனாக இருந்த என்னை இறக்கிவிட்டார். நான் முழங்கால் தண்ணீரில், காலால் தண்டவாளத்தைத் தடவிக்கொண்டு முன்னால் நடந்தேன். ஆறாம் நம்பர் என் பின்னால் மாடு மாதிரி வந்தது. அடுப்புக்குத் தண்ணீர் ஏற நாலு விரல்கடைதான் பாக்கி. வண்டியில் இருநூறு பேர் இருந்தார்கள்.

நாலாம் நம்பர் என்னுடையது. வைகாசியில் வரதர் கருட சேவைக்குக் கூட்டம் தாங்காது, நாலு பெட்டி இழுக்கும் இஞ்சினுக்கு ஒன்பது பெட்டி மாட்டுவார்கள். "டேய் ராமலிங்கம், ஒம்போது பொட்டி இருக்குது, உன் கேடி இஸ்துக்கினு போவுமா" என்பார் பூவராகவன். "நீங்க கைப்புடிய இழுங்கண்ணே, மீதிய நான் பாத்துக்கறேன்" என்பேன். ஒரு தடவையும் நின்றதில்லை. வேறு ஃபயர்மேன் ஏறினால் அதே நாலாம் நம்பர் பழைய சீவரம் ஸ்டேஷன் வருவதற்குள் மூச்சு வாங்கும். ஷெட்டில் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள். இப்போது கேட்க ஆள் இல்லை.

எட்டாவதோடு நின்றவன் எழுத்து இப்படித்தான் இருக்கும். நீ திருத்திக்கொள். அட்டையில் யார் பேர் போடப்போகிறார்கள்?

பிள்ளைகளுக்கு ஆசி.

ராமலிங்கம்


கும்பகோணம்
5.9.2024

மதிப்புக்குரிய அண்ணனுக்கு வணக்கம். எல்லோரும் சுகம். பேரன் சின்னவனுக்குக் காய்ச்சல் வந்து நேற்றுதான் விட்டது.

உங்கள் கடிதத்தைப் பிரியதர்ஷினிக்குப் படித்துக் காட்டினேன். தென்னேரித் தண்ணீரில் நீங்கள் நடந்ததைக் கேட்டு அசந்துபோய்விட்டார். அதை அப்படியே சேர்த்துவிட்டேன். கருட சேவையும் இருக்கிறது.

அட்டையில் என் பெயரைத்தான் போடுவார்களாம். முன்னுரையில் உங்களுக்கு நன்றி சொல்கிறேன். ஒரு பத்திரிகையிலிருந்து வந்து பேட்டி எடுத்தார்கள். காஞ்சிபுரத்தில் அண்ணன் இருக்கிறார், அவரையும் பாருங்கள் என்றேன். நேரமில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

1976இலும் அதன் பிறகும் நடந்தவற்றை நீங்கள் எழுதிச் சிரமப்பட வேண்டாம். அது என்னிடம் இருக்கிறது.

அண்ணியை வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சம்பந்தம்


பிள்ளையார்பாளையம்
26.9.2024

அன்புத் தம்பிக்கு அண்ணன் எழுதுவது. நலம். சின்னவனுக்குக் காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க வேண்டும்.

உன் படம் பேப்பரில் வந்தது. டீக்கடை வெங்கடேசன் காட்டினான். நீ ஒரு வரைபடத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். கண்ணாடி புதிதா? கீழே 'கேடிகளின் காவலர்' என்று போட்டிருக்கிறான். வெங்கடேசன் என் காதருகில் வந்து கத்தினான்: "இது உங்க தம்பிதானே? நீங்களும் ரயில்வேதானே. கேட்டாண்ட இருந்தீங்களா?"

அவனுக்கு முப்பது வயது. கேட் கீப்பராகவே இருந்துவிட்டுப் போகிறேன் என்று டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் ரேஷன் கடையிலும் உன்னைப் பற்றித்தான் கேட்டார்கள். கோயில் குளத்தங்கரையில் எவனோ ஒருவன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, உன் தம்பிக்கு வாழ்த்துச் சொல்லு என்றான். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. உன் அண்ணிக்குத் தெரிந்துவிட்டது. "தம்பி பேரு பேப்பர்ல வந்தா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது. சோத்தத் துன்னுட்டு எழுந்திருங்க" என்றாள்.

எரியத்தான் செய்கிறது. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? நீ அந்த இஞ்சின்களை மேஜைமேல் பார்த்தவன். ஏழையும் சேர்த்து நீ எத்தனை தடவை ஏறியிருப்பாய்? நான் எண்ணிச் சொல்வேன். ஒரே ஒரு தடவை.

இதற்குப் பதில் போடு.

ராமலிங்கம்


பிள்ளையார்பாளையம்
2.12.2024

தம்பி சம்பந்தத்துக்கு. இங்கே சுகம், அங்கேயும் சுகமாக இருக்க வேண்டும்.

என் கடிதத்துக்கு இரண்டு மாதமாக நீ பதில் போடவில்லை. தீபாவளிக்கும் ஒரு வரி இல்லை, அனுதான் போனில் உன் அண்ணியிடம் பேசினாள். இதற்குள் அந்தப் பிரியதர்ஷினி அச்சுப் பிரதியைத் தபாலில் அனுப்பி, 'ஐயா, பிழை இருந்தால் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தாள். அவளுக்கு இருக்கிற மரியாதை உனக்கில்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

'9.9.1976 அன்று காஞ்சிபுரத்துக்கும் திருமால்பூருக்கும் இடையே, சோதனை ஓட்டத்தின்போது கே.டி. 4இன் பாய்லரில் தண்ணீர் வற்றியது. அப்படி வற்றினால் அடுப்பின் கூரையிலுள்ள ஈய அடைப்பு உருகி, நீராவி பாய்ந்து நெருப்பை அணைக்கும். அன்று அதுவே நடந்தது. தண்ணீர் மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயோ அப்போதும் பாதியளவு காட்டிக்கொண்டிருந்தது. குழாயின் அமைப்பே பழுதானது என்று முடிவாகி, ஏழு இஞ்சின்களும் ஆயுள் முடியுமுன்பே விலக்கப்பட்டன. டிரைவர் பூவராகவனும் ஒரு ஃபயர்மேனும் லேசான காயத்துடன் தப்பினர்.'

ஒரு ஃபயர்மேன். தென்னேரித் தண்ணீரில் நடந்தபோது ராமலிங்கம், கருட சேவைக்கு ராமலிங்கம், இங்கே மட்டும் ஒரு ஃபயர்மேன்.

அதுகூடப் போகட்டும். அந்தக் கண்ணாடி பொய் சொன்னது என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது? ஏழு வருஷம் அந்தக் கண்ணாடியைப் பார்த்தவன் நான். ஒரு நாளும் அது பொய் காட்டியதில்லை. அந்த அறிக்கையை எழுதியதும் நீதான். வெள்ளைச் சட்டையும் பென்சிலுமாக வந்து ஒரே ஒரு தடவை ஏறினாய், ஆறே மாதத்தில் ஏழும் காயலான் கடைக்குப் போயின. பூவராகவன் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தார், "கேடி மேல பழியப் போட்டுட்டாங்கடா. அது வாயத் தொறந்து பேசாது, அதான்."

என் இஞ்சின் உனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் நினைத்திருக்கிறேன். கொன்றதும் நீ, இப்போது காவலரும் நீயா? அவளுக்கு நேராகவே எழுதப்போகிறேன்.

அனுவுக்கு ஆசி.

ராமலிங்கம்


பிள்ளையார்பாளையம்
5.12.2024

திருமதி பிரியதர்ஷினி அவர்களுக்கு, ஓய்வுபெற்ற டிரைவர் ராமலிங்கம் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் குடும்பத்தாரும் நலமுடன் இருக்க வேண்டுகிறேன்.

பிழை இருந்தால் சொல்லச் சொன்னீர்கள். நாற்பத்தொன்றாம் பக்கம் முழுக்கப் பிழை. கேடி இஞ்சின்களில் கண்ணாடிக் குழாய்ப் பழுது எதுவும் கிடையாது. ஏழும் நல்ல இஞ்சின்கள். இன்னும் பதினைந்து வருஷம் ஓடியிருக்கும். அந்த அறிக்கை தவறு. நான் அந்த நாலாம் நம்பரில் வேலை செய்தவன். இதைத் திருத்தி அச்சடிக்கவும்.

தங்கள் உண்மையுள்ள
ராமலிங்கம்


சென்னை
14.12.2024

மதிப்பிற்குரிய ராமலிங்கம் ஐயாவுக்கு வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உங்கள் உடல்நலத்தையும் அம்மாவின் உடல்நலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் காஞ்சிபுரம் எப்படி இருக்கிறது?

நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் முக்கியம். ஒரு வகையையே விலக்கும் அளவுக்குப் போன அறிக்கை அது. அது தவறு என்று சொல்ல, இப்போது உயிரோடு இருக்கும் சாட்சி நீங்கள் ஒருவர்தான். உங்கள் தம்பியிடம் கேட்டேன், அண்ணனிடமே கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். உங்கள் கடிதத்தின் நகலை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம், ஐயா. கண்ணாடிக் குழாய் சரியாகவே காட்டியது என்றால், அன்றைக்குத் தண்ணீர் ஏன் வற்றியது? குழாயைப் பார்த்துத் தண்ணீர் விடும் வேலை யாருடையது? இதைத் தெளிவாக எழுதினீர்கள் என்றால் பக்கத்தைத் திருத்திவிடலாம். அதுவரை அச்சை நிறுத்தி வைக்கிறேன்.

அன்புடன்
பிரியதர்ஷினி


கும்பகோணம்
20.1.2025

மதிப்புக்குரிய அண்ணனுக்குச் சம்பந்தம் வணக்கத்துடன் எழுதுவது. பொங்கல் நன்றாகப் போனதா? அனு அனுப்பிய புடவை அண்ணிக்குப் பிடித்திருந்தது என்று கேள்விப்பட்டேன்.

பிரியதர்ஷினியின் கேள்விக்கு ஒரு மாதமாக உங்களிடமிருந்து பதில் வரவில்லையாம். நேற்று என்னிடம் சொன்னார். நீங்கள் என்ன எழுதுவதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பீர்கள். உங்கள் கடிதங்களுக்குப் பதில் எழுத முடியாமல் நானும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன்.

அண்ணா, அன்று கண்ணாடி பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும்.

பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நீராவி அழுத்தத்தையும் தண்ணீர் மட்டத்தையும் குறித்துக்கொள்வதுதான் அன்றைக்கு என் வேலை. பத்து நாற்பதுக்குக் குழாயைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது. 'தண்ணீர் இல்லை' என்று பென்சிலால் எழுதினேன். நீங்கள் முதுகைக் காட்டிக்கொண்டு கரி அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். பூவராகவன் அண்ணன் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணா, தண்ணி இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொல்லவில்லை. பத்து நாற்பத்தாறுக்கு ஈயம் உருகியது. ஆறு நிமிஷம், அண்ணா. அடைப்பு உருகாமல் இருந்திருந்தால் பாய்லர் வெடித்து மூன்று பேரும் போயிருப்போம்.

ஏன் சொல்லவில்லை என்று நாற்பத்தெட்டு வருஷமாக என்னையே கேட்டிருக்கிறேன். ஷெட்டுக்குப் போனால் 'ராமலிங்கம் தம்பியா' என்பார்கள். ராமலிங்கம் கை வைத்தால் கேடிகூட வாலாட்டும் என்பார்கள். டிப்ளமா வாங்கிக்கொண்டு வந்த அன்று, அதை அப்பா இரண்டு தடவை திருப்பிப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும்பா. உங்க அண்ணன் நேத்து ஒம்போது பொட்டி இஸ்துக்கினு வந்தான், தெரியுமா" என்றார். வரைபடத்தில் நான் எல்லாவற்றையும் படித்திருந்தேன். ஆனாலும் உங்களுக்குப் பணிந்ததைப் போல ஓர் இரும்புத் துண்டுகூட எனக்குப் பணிந்ததில்லை. நீங்கள் ஒரே ஒரு தடவை தவறுவதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான். பொறாமைதான், அண்ணா. வேறு பெயர் அதற்கு இல்லை.

பிறகு உங்கள் முழங்கையில் கொப்புளத்தைப் பார்த்தேன். விசாரணை நடந்தால் உங்கள் வேலை போய்விடும் என்று தெரிந்தது. 'தண்ணீர் இல்லை' என்பதை ரப்பரால் அழித்து, 'பாதி' என்று எழுதினேன். கண்ணாடி பாதி காட்டியது, உள்ளே தண்ணீர் இல்லை, ஆகவே கண்ணாடி பழுது. பூவராகவன் அண்ணன் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். ஏழே ஏழு இஞ்சினுக்காகத் தனி உதிரிபாகம் வைத்துக்கொள்வதில் மேலே இருந்தவர்களுக்கு ஏற்கெனவே சலிப்பு. அவர்களுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது, நான் கொடுத்துவிட்டேன். ஏழும் போகும் என்று நான் நினைக்கவே இல்லை.

உங்கள் பெயரை அந்தப் பக்கத்தில் போட்டால் யாராவது கேள்வி கேட்பார்கள் என்று பயந்துதான் ஒரு ஃபயர்மேன் என்று எழுதினேன். இகழ்ச்சியாக இல்லை.

நீங்கள் என்ன எழுதினாலும் நான் மறுக்க மாட்டேன். அண்ணியிடம் என்னைப் பற்றி என்ன சொல்வீர்களோ தெரியவில்லை.

சம்பந்தம்


பிள்ளையார்பாளையம்
27.1.2025

திருமதி பிரியதர்ஷினி அவர்களுக்கு ராமலிங்கம் வணக்கத்துடன் எழுதுவது. தாமதத்துக்குப் பொறுத்துக்கொள்ளவும். தாங்கள் நலம்தானே.

கேட்ட கேள்விக்குப் பதில். குழாயைப் பார்த்துத் தண்ணீர் விடுவது ஃபயர்மேன் வேலை. அன்றைக்கு ஃபயர்மேன் நான்தான்.

பாய்லருக்குத் தண்ணீர் விட்டால் சூடு குறையும். நீராவி அழுத்தம் காட்டும் முள் கொஞ்சம் கீழே இறங்கும். பிறகு கரி போட்டு ஏற்ற வேண்டும். எல்லா ஃபயர்மேனுக்கும் அது தெரியும். அன்றைக்கு என் தம்பி அதிகாரியாக வண்டியில் நின்றான். எனக்கு மூன்று வயது இளையவன். டிரைவர் அவனை "சார், இப்படி வந்து நில்லுங்க" என்றார். என்னை "டேய், கரி போடுறா" என்றார். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார், அன்றைக்கு மட்டும் எனக்குச் சுருக்கென்றது. முள் சிவப்புக் கோட்டிலிருந்து மயிரிழைகூட இறங்காமல் ஓட்டிக் காட்டுகிறேன், அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். காஞ்சிபுரத்தில் தண்ணீரை நிறுத்தினேன். ஈயம் உருகும் வரை திறக்கவில்லை. குழாயைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முள்ளையே பார்த்துக்கொண்டு கரி போட்டேன்.

பழுது என்னிடம். நாலாம் நம்பரிடம் இல்லை, மற்ற ஆறிடமும் இல்லை. அறிக்கை வந்தபோது என் தலை தப்பியது என்று வாயை மூடிக்கொண்டேன். இதை என் முழுப் பெயரோடு போடவும்.

ராமலிங்கம்


பிள்ளையார்பாளையம்
2.2.2025

அன்புத் தம்பி சம்பந்தத்துக்கு அண்ணன் ராமலிங்கம் ஆசீர்வதித்து எழுதுவது. இருவரும் சுகம். புடவையை உன் அண்ணி தை அமாவாசைக்குக் கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிவிட்டேன். தண்ணீரை நிறுத்தியது நான் என்று என் பேரோடு எழுதினேன். உன் ஆறு நிமிஷத்தையும், ரப்பரால் அழித்ததையும் நான் எழுதவில்லை. அது உன் கையால் எழுத வேண்டியது. எழுதினால் எழுது. எழுதாவிட்டால் நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை.

மூன்று பேர் செத்திருப்போம். பூவராகவனுக்கு அப்போது நாலு பெண்கள். அதை நினைத்தால் உன்மேல் வருகிற கோபம் இந்த ஜென்மத்தில் ஆறாது. என்மேலும் ஆறாது. ஏழு இஞ்சினை நாம் இரண்டு பேரும் சேர்ந்துதான் கொன்றிருக்கிறோம். இத்தனை வருஷம் நீ மட்டும் கொன்றாய் என்று சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

இதோடு நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் இன்னொன்று இருக்கிறது, எழுதாவிட்டால் இன்னும் நாற்பது வருஷம் போகும், நமக்கு அவ்வளவு இல்லை.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறேன். முழுக்கப் படிப்பதில்லை. அப்பா டிப்ளமாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பற்றிச் சொன்னார் என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தை மட்டும். என்னிடம் அவர் ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. என்னிடம் உன்னைப் பற்றித்தான் பேசுவார். "உன் தம்பி படம் போட்டா இஞ்சினே எழுந்து நடக்கும்டா" என்பார். அதைக் கேட்டுக் கேட்டு வெந்துபோனவன் நான். பிறகு நீ என்மேல் பொறாமைப்பட்டேன் என்று எழுதிய வரி. வெள்ளைச் சட்டைக்காரன், சார், என்மேல்.

இன்று காலை அதைப் படித்துக்கொண்டிருந்தபோது உன் அண்ணி வந்து காதில் கத்தினாள், "என்னாத்துக்குத் தனியா சிரிச்சிக்கினு இருக்கீங்க." தம்பிக்கு என்மேல் பொறாமையாம் என்றேன். "எழுபத்தஞ்சு வயசுல இது ஒரு சந்தோஷமா" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சம்பந்தம். வெட்கமாகவும் இருக்கிறது. நீ நேரில் வந்து அதை என் காதருகில் ஒரு தடவை சொல்லிவிட்டுப் போ. சத்தமாகச் சொன்னால்தான் கேட்கும்.

அனுவுக்கும் பிள்ளைகளுக்கும் ஆசி.

அண்ணன்
ராமலிங்கம்